லூப்பு வைக்க யார் காசு கொடுத்தார்கள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பழைய மாணவி போனில் கேட்டாள். "டீச்சர், இங்க காப்பர்-டி வைக்கிறது இன்சூரன்ஸ்ல வருது. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா? எந் தங்கச்சி கேக்கா." அதே வாரம் கீரிப்பாறையில் பால்வெட்டுக்குப் போகும் இன்னொருத்தி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தால்தான் காப்பர்-டி வைப்பார்களா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் பதில் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கதை. சரித்திர டீச்சரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "டீச்சர் இதையெல்லாம் எழுதலாமா" என்று நினைக்கிற ஆண் பிள்ளைகளும் முழுசாக வாசிக்க வேண்டும். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கருத்தடை என்ற பேச்சு சர்க்கார் கொண்டுவந்தது என்றுதான் பலர் நினைக்கிறோம். அதற்கு முன்பே 1928-ல் சென்னையில் நியோ-மால்தூசியன் லீக் என்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டது. அதை நடத்தியவர்களில் உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசமும் ஒருவர். 'பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் உரிமை' என்ற பக்கத்திலிருந்து பெரியாரும் அந்தக் காலத்திலேயே எழுதினார், பேசினார். சங்கத்தார் நாட்டின் சோற்றுக் கணக்கைப் பார்த்தார்கள், பெரியார் பெண்ணைப் பார்த்தார். பின்னால் வந்த சர்க்கார் எடுத்துக்கொண்டது சோற்றுக் கணக்கைத்தான்.

1952-ல் உலகிலேயே முதன்முதலாக குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்த நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தீர்களே, அதே திட்டத்தில்தான். 1956 வாக்கில் சென்னை மாநிலம் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி அதற்கு முன் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நடத்தியவர். தலைகளை எண்ணியவருக்குத் தலைகள் கூடுவது கவலையாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூரை விட்டு சென்னையோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டோடு சேர்ந்த கையோடு இந்தத் திட்டத்திலும் சேர்ந்தோம்.

இனி லூப்பு. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து டாக்டர் ஜாக் லிப்பெஸ் 1960-களின் தொடக்கத்தில் செய்தது. எஸ் எழுத்து இரண்டைச் சேர்த்து வைத்ததுபோல வளைந்த பாலிதீன் துண்டு. எக்ஸ்ரேயில் தெரிய கொஞ்சம் பேரியம் கலந்திருக்கும், நுனியில் நூல். இந்தியா 1965-ல் இதைக் கொண்டுவந்தது. கான்பூரில் தொழிற்சாலையே போட்டார்கள். விலை சில பைசா, மயக்க மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். டெல்லியில் இருந்தவர்கள் பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினார்கள். மழை பொய்த்து அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த வருஷங்கள் அவை. பிறப்பைக் குறை என்று வெளியிலிருந்தும் நெருக்குதல் இருந்தது.

முதல் வருஷம் 8 லட்சம் பெண்களுக்கு வைத்தார்கள். 1966-67-ல் 9 லட்சம். அதற்குப் பிறகு இறங்குமுகம். 1968-69-ல் 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

ஏன் விழுந்தது? இலவசம்தானே. இலவசத்துக்கும் மேலேயே கொடுத்தார்கள். 1966-ல் மத்திய அரசு ஒரு லூப்புக்கு 11 ரூபாய், ஆண் ஆபரேஷனுக்கு 30, பெண் ஆபரேஷனுக்கு 40 என்று மாநிலங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த 11 ரூபாயில்தான் வைக்கிற டாக்டர், கூட்டி வருகிறவர், வைத்துக்கொள்கிறவள் எல்லாருக்கும் பங்கு.

என் அத்தை ஒருத்தி 1967-ல் கீழே நடந்த ஒரு முகாமில் லூப்பு வைத்தாள். நாலாவது பிள்ளை பிறந்து ஆறு மாசம். இரண்டு மாதத்தில் உதிரப்போக்கு நிற்கவே இல்லை. ஓடையில் அவள் துணி அலசுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயசு, எதற்கு இவ்வளவு துணி என்று புரியவில்லை. முகாம் நடந்த இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு கொட்டகையும் கிழிந்த நோட்டீசும்தான் இருந்தன. கடைசியில் நாகர்கோவிலில் ஒரு தனியார் டாக்டரம்மாவிடம் போய் எடுத்தாள். பஸ் காசு, டாக்டர் காசு, மூன்று நாள் கூலி. வைக்க சர்க்கார் கொடுத்தது, எடுக்க அத்தை கொடுத்தாள். அந்த 11 ரூபாய்க் கணக்கில் 'எடுக்க' என்று ஒரு வரியே கிடையாது.

அத்தைக்கு மட்டும் நடந்தது அல்ல இது. உதிரப்போக்கும் வலியும் லூப்பில் எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவு. முன்கூட்டியே சொல்லி, இரத்தசோகை பார்த்து, திரும்பி வந்தால் கவனிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் பாதிப் பேராவது தாங்கியிருப்பார்கள். பெண் டாக்டர்களுக்குப் பெரிய பஞ்சம். முகாம் வரும், போகும். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. லூப்பு மேலே ஏறி நெஞ்சுக்குப் போகும், புருஷனுக்கு ஷாக் அடிக்கும், புற்று வரும். படிக்காத சனங்களின் மூடநம்பிக்கை என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உதிரம் போவதைக் கண்ணால் பார்த்த சனங்கள், காரணம் சொல்ல ஆள் இல்லாமல் தாங்களே ஒரு காரணம் உண்டாக்கினார்கள்.

லூப்பு விழுந்ததும் சர்க்கார் ஆபரேஷனுக்குத் திரும்பியது. 1971 ஜூலையில் பக்கத்து எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே வாத்தியார்களுக்கே 'இத்தனை கேஸ் கொண்டுவா' என்று இலக்கு வைத்தார்கள். 1977 தேர்தலில் அதற்கு விலை கொடுத்தபின் ஆண்களைத் தொட எந்த ஆட்சிக்கும் தைரியம் இல்லை. சுமை முழுசாகப் பெண் தலையில் ஏறியது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர். (ஆண் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்.)

இதற்கிடையே சிலி நாட்டு ஹைமே சிப்பரும் அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் டேட்டமும் 1960-களின் கடைசியில் டி வடிவப் பிளாஸ்டிக்கில் செம்புக் கம்பி சுற்றினார்கள். அதுதான் காப்பர்-டி. செம்பு விந்தணுவை முடக்கிவிடும். கரு உண்டான பிறகு கலைப்பது அதன் வேலை அல்ல. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இருப்பது 380ஏ என்ற பத்து வருஷ வகை, 375 என்ற ஐந்து வருஷ வகை. எண்கள் செம்பின் பரப்பை சதுர மில்லிமீட்டரில் சொல்கின்றன. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் அரசின் எச்.எல்.எல். லைஃப்கேர் (பழைய ஹிந்துஸ்தான் லேடெக்ஸ்) நிறுவனமே காப்பர்-டி செய்கிறது. அதே நிறுவனம் 1969-ல் பேரூர்க்கடையில் நிரோத் செய்ய ஆரம்பித்தது, மூன்று 15 பைசா. ரப்பர் விளையும் பக்கத்தில் அந்தத் தொழிற்சாலை வந்ததில் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

இனி இன்சூரன்ஸ். ஆபரேஷனில் பெண்கள் சாவதும், ஆபரேஷனுக்குப் பிறகும் கர்ப்பமாவதும் வழக்காகி, ரமாகாந்த் ராய் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த வருஷமே நாடு முழுவதற்கும் ஒரு காப்பீடு வந்தது. இறப்புக்கு 2 லட்சம், தோற்றால் 30 ஆயிரம் என்ற அளவில் பல வருஷம் இருந்தது. 2013-லிருந்து காப்பீட்டுக் கம்பெனி இல்லாமல் அரசே நேரடியாகக் கொடுக்கிறது. ஆனால் அது ஆபரேஷனுக்கு மட்டும். காப்பர்-டி அதில் இல்லை.

தனியார் மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கும் பிள்ளைகள் பத்திரத்தைப் புரட்டி, 'விலக்குகள்' பக்கத்தில் 17-ம் எண்ணைப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரியாக வகுத்த வரி அது. எந்தவகைக் கருத்தடையும் சேராது என்று இருக்கும். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி 2012-லிருந்து பெரும்பாலான பாலிசிகள் இதைக் கைக்காசு இல்லாமல் தர வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு அங்கே ஆயிரம் டாலரைத் தாண்டும். இங்கிலாந்தில் 1974-லிருந்து எல்லாருக்கும் இலவசம். நாம் இங்கிலாந்துப் பக்கம். காசு இல்லாமல் கிடைக்கும், பாலிசியில் வராது.

ஆகவே மக்களே, காப்பர்-டி-க்கு முதலமைச்சர் அட்டை வேண்டவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் வைப்பதும் இலவசம், எடுப்பதும் இலவசம். பேறு முடிந்த 48 மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் பெண்ணுக்கு 300 ரூபாய் ஊக்கத்தொகை என்று திட்டம் உண்டு. தனியாரில் காப்பர்-டி சில நூறு ரூபாயும் டாக்டர் பீசும். ஹார்மோன் வகை பல ஆயிரம். மத்திய அரசு ஊழியருக்கு வைக்கும் நாளில் ஒருநாள் சிறப்பு விடுப்பு உண்டு. பால்வெட்டும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் கிடையாது. தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும் என்று 1951-லேயே சட்டம் வந்தும், காப்பர்-டி நாளுக்குக் கூலி என்று அதில் இல்லை. என் கணக்கில் இன்றைக்கும் பெரிய செலவு அதுதான்.

அந்தப் பேறுகால ஊக்கத்தொகை விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பிரசவ அறையில் தன்னிடம் கேட்காமலே வைத்துவிட்டார்கள் என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. விதி தெளிவாக இருக்கிறது. கர்ப்பகாலத்திலேயே விளக்கிச் சொல்லி, அவள் சம்மதம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். இலக்கு வைப்பதை 1996-லேயே நாடு முழுக்க விட்டுவிட்டதாக அரசு சொன்னது. பேறுகாலத்துக்குப் போகும் பிள்ளைகள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி அடிக்கடி என்னிடம் கேட்பவை. பால் வாளி சுமந்தால் நழுவுமா? பாரம் தூக்கினால் நழுவாது. நழுவுவதானால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான், அதிலும் பேறு முடிந்தவுடன் வைத்தால் கொஞ்சம் அதிகம். அதனால் ஆறு வாரத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். நெஞ்சுக்கு ஏறுமா? ஏறாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது மிக அபூர்வம். நூல் தட்டுப்படாவிட்டால் போய்க் காட்டுங்கள். தீட்டு கூடுமா? முதல் மூன்று முதல் ஆறு மாதம் கூடலாம், வலியும் இருக்கலாம். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை, ஆகவே வைப்பதற்கு முன் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தவறுமா? முதல் வருஷத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் காப்பர்-டி இருக்கும்போது தீட்டு தள்ளிப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். எடுத்த பிறகு பிள்ளை பிறக்குமா? எடுத்த மாதமே உண்டாகலாம்.

வைத்த தேதியும் மாற்ற வேண்டிய தேதியும் எழுதி ஓர் அட்டை தருவார்கள். அதை ரேஷன் கார்டோடு வையுங்கள். எடுக்க வேண்டும் என்று தோன்றினால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் கையெழுத்து வைப்பதற்கும் வேண்டாம், எடுப்பதற்கும் வேண்டாம். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று நர்ஸம்மா சொன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவையும் சொன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள்.