எறிந்த கையும் கற்பித்த கையும்

அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்'. அவரைப் பயிற்றுவிப்பவரின் பெயரை மக்கள் அறிவது அரிது. அத்தகைய ஒருவரின் வாழ்வை நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

திருச்சிலுவைச் சபைத் துறவியர் இந்தியானாவில் 1842-இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் டாம் கிளமென்ட்ஸ். 1973 டிசம்பர் 31 அன்று, அலபாமா அணிக்கு எதிராகத் தம் இலக்குக் கோட்டின் பின்னே நின்று அவர் துணிந்து எறிந்த பந்து 24-23 என்ற வெற்றியைக் காத்தது. பின்னர் 1987 வரை கனடாவில் ஆடினார். இடையே 1986-இல் சட்டப் பட்டமும் பெற்று, சிக்காகோவில் வழக்கறிஞரானார்.

1992-இல் அத்தொழிலைத் துறந்து, தம் பல்கலைக்கழகத்திற்கே குவார்ட்டர்பேக் பயிற்சியாளராகத் திரும்பினார். மறு ஆண்டு, பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட இளைஞர் காயமுறவே, மாற்று ஆட்டக்காரராயிருந்த கெவின் மெக்டூகல் களமிறங்கினார். தலைமைப் பயிற்சியாளர் லூ ஹோல்ட்சின் அணி 12 ஆட்டங்களில் 11-இல் வென்றது. முதலிடத்திலிருந்த புளோரிடா ஸ்டேட் அணியும் 31-24 எனத் தோற்றது.

1973-இன் எறிதலை இன்றும் பலர் நினைவுகூர்கின்றனர். 1993-இன் வெற்றிகளிலோ கிளமென்ட்ஸின் கை பந்தை எறியவில்லை. தாம் கற்றது பிறர் கையில் பலன் தருவதைக் கண்டு ஒதுங்கி நிற்பதே ஆசிரியர் பெறும் பரிசு. நமக்குக் கற்பித்தோரை நாம் நினைக்கிறோமா?