ஐந்து டாலருக்குப் போன போர்வை

பதிவு கொஞ்சம் நீளம். சாயந்தரம் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

கிழிந்த நூல் சேலைகளை எறியாமல் அடுக்கி, ஓரம் பிடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாகப் போடுவது நம் வீடுகளில் இருந்த பழக்கம். எங்கள் அம்மா தைத்த ஒன்று இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. எந்தப் பக்கம் பாட்டி சேலை, எந்தப் பக்கம் சித்தி சேலை என்று எனக்குச் சொல்லத் தெரியும். என் பேத்திக்குத் தெரியாது. போன வாரம் அதை வெயிலில் உலர்த்தும்போது ஹாரியட் பவர்ஸ் அம்மாளின் நினைவு வந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர் உண்டு. பெயர்தான் கிரேக்கம், மற்றபடி பருத்தி விளையும் பூமி. அந்த வட்டாரத்தில் 1837ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட். உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் விடுதலை கிடைத்தபோது கணவரும் பிள்ளைகளும் இருந்தார்கள். மொத்தம் ஒன்பது பிள்ளைகளாவது பெற்றார். பிறகு கணவனும் மனைவியும் பாடுபட்டு நாலு ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பிறந்தபோது தாமே இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள் சொந்தமாக வாங்கிய நாலு ஏக்கர் அது.

அங்கே குளிருக்குப் போர்த்தும் தையல் போர்வையைக் குவில்ட் என்பார்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது. ஹாரியட் அம்மாள் அதில் ஒரு படி மேலே போனார். துண்டுத் துணியில் மனிதன், பாம்பு, பறவை, நட்சத்திரம் என்று வெட்டி, கட்டம் கட்டமாக மேலே வைத்துத் தைத்தார். நம் தையல்காரர்கள் அப்ளிக் என்று சொல்வார்களே, அதே வேலைதான். முதல் போர்வையில் 11 கட்டங்கள். ஆதாம் ஏவாள், ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபின் கனவு, யூதாசின் முப்பது வெள்ளிக்காசு, சிலுவை என்று பைபிள் முழுக்கத் துணியில் ஓடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டில், அரசர்களின் கதையை இதே போலத் துணி வெட்டித் தைக்கும் மரபு உண்டு. அந்தச் சாயல் இதில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் மரபின் கணக்கில் எழுதிவிட்டால் அந்த அம்மாளின் சொந்த மூளைக்கு என்ன மிச்சம்?

1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இந்தப் போர்வையை வைத்தார்கள். அங்கே அதைப் பார்த்தவர் ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவியம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை, அதாவது நம் ஜாதி! யார் தைத்தது என்று தேடிக்கொண்டு போய், விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் கொடுப்பதற்கில்லை என்று ஹாரியட் சொல்லிவிட்டார்.

ஏறத்தாழ ஐந்து வருடம் கழிந்தது. பருத்தி விலை விழுந்தது, குடும்பத்துக்குக் கஷ்டம். ஹாரியட் அம்மாள் தாமே வந்து பத்து டாலர் கேட்டார். ஆசிரியை தம்மால் ஐந்துதான் முடியும் என்றார். ஹாரியட் வெளியே போய்க் கணவரைக் கேட்டார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கொடுத்துவிடு என்றார் அவர். மாட்டு வண்டியில், மாவு மூட்டைத் துணியில் சுற்றி, அதன் மேல் ஒரு சாக்கில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மாள். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். ஜென்னி அதை எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நமக்கு அர்த்தம் தெரிகிறது.

அதற்குப் பிறகும் பல தடவை ஹாரியட் அந்த வீட்டுக்கு வந்தாராம், போர்வையைப் பார்த்துவிட்டுப் போக. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த தாய் போல.

ஜென்னியைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்காவிட்டால் அது எங்கோ கந்தலாகிப் போயிருக்கும். அவர் எழுதாவிட்டால் ஹாரியட் என்ற பெயரே நமக்குத் தெரியாது. ஆனாலும் பத்து கேட்டவரிடம் ஐந்து கொடுத்தது உறுத்தத்தான் செய்கிறது. ஒன்பது பிள்ளை பெற்றவரின் கைவேலை அவர்கள் வழியில் இறங்காமல் ஊராரிடம் போய்விட்டது.

இரண்டாவது போர்வை 1895க்கும் 1898க்கும் இடையில் தைத்தது. 15 கட்டங்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் இதில் பைபிளோடு ஊர்ச் சரித்திரமும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. 1833 நவம்பர் 13 அன்று வட அமெரிக்கா முழுவதும் கண்ட எரிகல் மழை அது. அப்போது ஹாரியட் பிறக்கவே இல்லை! நாலு வருடம் கழித்துத்தான் பிறந்தார். இன்னொரு கட்டத்தில் 1780 மே 19, வடகிழக்கு மாநிலங்களில் பகலே இருண்டு போன நாள். காட்டுத்தீப் புகையால் வந்த இருட்டு என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். கேட்டதை எல்லாம் மனத்தில் வைத்திருந்து நூலில் இறக்கியிருக்கிறார்.

இன்னொரு கட்டம் 1895 பிப்ரவரியின் கடுங்குளிர். ஜெபம் செய்தபடியே உறைந்து போன ஒரு பெண், மாவு மூட்டையோடு உறைந்தவன், சாராயக் குடுவையோடு உறைந்தவன். கோவேறு கழுதையின் மூச்சே பனிக்கட்டியாகத் தொங்குகிறது. போர்வையோடு வந்த விளக்கக் குறிப்பில் 'வியாழக்கிழமை, பிப்ரவரி 10' என்று இருக்கிறது. நாட்காட்டிப்படி அது ஞாயிறு. வாத்தியார் புத்தி, சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. கிழமை தவறினாலும் குளிர் பொய்யில்லை. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய ஒரு பன்றிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அதற்கு பெட்ஸ் என்று பெயர். அடிமையாக இருந்தவர் ஓடிப்போன ஒரு பன்றியை ஏன் தைத்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

ரொம்ப காலம் இவரை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே புத்தகங்களில் எழுதினார்கள். காதால் கேட்ட பைபிளைத்தான் தைத்தார் என்றார்கள். ஜார்ஜியாவில் 1829லிருந்தே அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவது குற்றம், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. 2009இல் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஹாரியட் 1896இல் எழுதிய கடிதத்தின் நகல் அதில் வெளியானது. முதலாளி வீட்டுப் பிள்ளைகளிடம் படிக்கக் கற்றதையும், பிறகு தாமே பைபிளைப் படித்ததையும் அதில் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடம் பாடம் நடத்தியவன் நான், இந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏழை, கிழவி, கறுப்பினப் பெண் என்றால் தற்குறி என்று எழுதிவிடுவது எத்தனை சுலபம்! எங்கள் வகுப்பிலும் சில பெற்றோரைப் பார்த்து நான் அப்படி நினைத்தது உண்டு.

அதே கடிதத்தின்படி அவர் குறைந்தது நாலு போர்வை தைத்திருக்கிறார். இரண்டுதான் இருக்கின்றன. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை.

1910 ஜனவரி முதல் தேதி இறந்தார். கல்லறைக் கல் 2005இல்தான் ஏதென்ஸில் புதருக்குள் கண்டெடுக்கப்பட்டது. முதல் போர்வை இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியனில், இரண்டாவது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இரண்டையும் முதன்முதலாக ஒரே இடத்தில் வைத்தது 2021இல்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் அங்கே போனால் விசாரித்துப் பாருங்கள். பழந்துணி வெளிச்சம் தாங்காது, எப்போதும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள். பாஸ்டனில் அந்தப் பன்றியைப் பார்த்தால் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். நான் இன்று சாயந்தரம் எந்தச் சேலை யாருடையது என்று ஒரு சீட்டில் எழுதி, அம்மா விரிப்பின் ஓரத்தில் தைத்து வைக்கப் போகிறேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் பேத்தி வர வேண்டும்.