பாறைமேல் எழுந்த பாடல்

பங்குத்தந்தை

இசையின்றித் திருவிழா இல்லை. நமது பங்கின் யூபிலி மலரில் ஆலயம் எழுந்த வரலாறும், குருக்களும் கன்னியரும் ஆற்றிய பணிகளும் இடம்பெறுவது முறையே. அவற்றோடு, நம் இளைஞர் சிலர் விரும்பிக் கேட்கும் 'ராக்', 'மெட்டல்' என்னும் மேலைநாட்டு இசையில் கிறிஸ்துவின் திருப்பெயர் ஒலிக்கத் தொடங்கிய வரலாற்றையும் சொல்ல விழைகிறேன். "பேய்ப் பாட்டு" என்று பெற்றோர் சிலர் அதை வெறுக்கின்றனர். "கோவிலில் எங்களுக்கு இடமில்லை" என்று பிள்ளைகள் சிலர் ஒதுங்குகின்றனர். இரு சாராருக்கும் இவ்வரலாறு பயன்படும்.

திருச்சபையும் இசைக்கருவிகளும்

எந்தக் கருவி கோவிலுக்கு ஏற்றது என்ற வழக்கு புதிதன்று. கோவிலுக்கே உரியதென நாம் எண்ணும் ஆர்கன், பண்டைய உரோமையரின் களியாட்ட அரங்குகளில் முழங்கிய கருவியாகும். புனித பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணையில் பியானோவையும், முரசு, தாளம் போன்ற பேரோசைக் கருவிகளையும் கோவிலில் தடை செய்தார். அறுபது ஆண்டுகள் கழிந்து, 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனுக்குரிய மதிப்பைக் குறைக்காமலே, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளையும் தக்க அதிகாரத்தின் இசைவுடன் ஏற்கலாம் என்று கதவைத் திறந்தது. 1966 ஏப்ரல் 27 அன்று உரோமையில், புனித பிலிப்பு நேரியின் பெயர் தாங்கிய செபக்கூடத்தில், ஜோம்பினி இசையமைத்த 'இளைஞர் திருப்பலி'ப் பாடல்கள் மின்கித்தாருடன் அரங்கேறின.

பட்டறையில் பிறந்த இசை

மெட்டல் இசை பிறந்த இடம் நம் அம்பத்தூரைப் போன்றதொரு தொழில்நகரம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1965இல், தகட்டு ஆலையில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞரின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் வெட்டியது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கித்தாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். பின்னாளில் விரல் நோகாதிருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். சுருதி தாழ்ந்து கனத்த ஓசை பிறந்தது. பிரஸ் மெஷினில் விரல் இழந்தோரை அறிந்த நம் மக்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அவர் நண்பர்களுடன் 1968இல் தொடங்கிய குழுவே 'பிளாக் சப்பாத்' என்று புகழ்பெற்றது. பெயரைக் கேட்டு அஞ்சியோர் பலர். ஆயினும் அக்குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971இல் வெளியான 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்னும் பாடல், இறப்புக்குப்பின் ஆன்மாவின் கதி என்ன என்று வினவி, கடவுளை ஏளனம் செய்வோரைக் கடிந்துகொள்கிறது.

அமெரிக்க இளைஞர்கள்

அமெரிக்காவில் லாரி நார்மன் 1969இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'அப்பான் திஸ் ராக்'. மத்தேயு 16:18இல் ஆண்டவர் பேதுருவிடம் கூறிய 'இப்பாறையின்மேல்' என்னும் சொல்லே அது. 1972இல் தோன்றிய 'பெட்ரா' குழுவின் பெயருக்கும் கிரேக்க மொழியில் பாறை என்றே பொருள். சிகாகோவின் 'ரிசரக்‌ஷன் பேண்ட்' குழுவினர் வீடற்றோருக்குத் தொண்டாற்றும் ஒரு சமூகமாக வாழ்ந்து, தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்து 1979இலேயே பாடினர். 1983இல் உருவான 'ஸ்ட்ரைப்பர்' குழு, மஞ்சளும் கறுப்புமாய் உடுத்தி, கூட்டத்தினரிடையே புதிய ஏற்பாட்டு நூல்களை வீசியது. சாத்தானைச் சாடி அக்குழு 1986இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. இவற்றையெல்லாம் பெயர்பெற்ற போதகர் சிலர் வன்மையாகக் கண்டித்ததும் உண்டு.

மேற்கூறியோர் பெரும்பாலும் பிரிவினை சபையினர். நம்மவரும் இல்லாமலில்லை. இத்தாலியக் கப்புச்சின் சகோதரர் சேசரே பொனிட்சி, துறவற உடையிலேயே மேடையேறி மெட்டல் பாடி, 2008இல் உலகின் கவனத்தை ஈர்த்தார்.

நம் பகுதியில்

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகள் 1980களில் காலி ஒலிநாடாவும் பாட்டுப் பட்டியலுமாக ரெக்கார்டிங் கடைகளில் காத்து நின்றனர். அடியேனும் அவர்களுள் ஒருவன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொணர்ந்த 'ஸ்ட்ரைப்பர்' ஒலிநாடா கைமாறி எங்களிடம் வந்தது. பாதிச் சொற்கள் விளங்கவில்லை. உறையில் 'எசாயா 53:5' என்றிருந்தது. பெரிய வெள்ளிதோறும் கோவிலில் கேட்ட வாசகந்தான். ஆனால் யாரும் சொல்லாமல் நானே விவிலியத்தைத் திறந்து படித்தது அன்றுதான்.

நம் மண்ணின் பறையை நினைத்துப் பாருங்கள். அதன் ஓசையல்ல, அதை அடித்தவரின் சாதியே அதைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) போன்றோர் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தனர். இன்று நம் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றிலும் பறை ஒலிக்கிறது. கருவியைத் தள்ளும்போது சில வேளைகளில் மனிதரையே தள்ளிவிடுகிறோம்.

நாம் செய்யத்தக்கது

அப்படியாயின் திருப்பலியில் மெட்டல் பாடலாமா? கூடாது. கருவியின் ஓசை மக்களின் குரலை அமிழ்த்தலாகாது என்று 1967ஆம் ஆண்டின் திருஇசை பற்றிய அறிவுரை தெளிவாகக் கூறுகிறது. பலிபீடத்தைச் சுற்றி இறைமக்கள் அனைவரும் ஒரே குரலில் பாட வேண்டும்; ஏழு வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து பாட இயலாத இசை அங்கே பொருந்தாது. ஆனால் பங்கின் வாழ்வு திருப்பலியோடு முடிவதில்லை. இளைஞர் கூட்டங்களும், மைதானத்தில் நடக்கும் கலைவிழா மாலைகளும் உள்ளன. அங்கே அவர்கள் கித்தாரை எடுக்கட்டும். நாம் அமர்ந்து கேட்போம்.

பெற்றோரே, உங்கள் மகன் அறைக்குள் கதவை மூடிக்கொண்டு ஏதோ கேட்கிறான் எனில், நிறுத்து என்று சொல்லுமுன், அப்பாட்டு என்ன சொல்கிறது என்று அவனிடமே கேளுங்கள். தீயதாயின் அவனுக்கு எடுத்துரைக்கலாம். நல்லதாயின் அவனோடு விவிலியத்தைத் திறக்கலாம்.

பேதுரு என்னும் பாறையின்மேல் திருச்சபையைக் கட்டிய ஆண்டவர், நம் பங்கின் இளைஞர் அனைவரையும் தம் இல்லத்தில் நிலைநிறுத்தி ஆசீர்வதிப்பாராக.