தோட்டத்திலிருந்து சாடிக்கு: இங்கிலாந்தின் பூ அலங்கார வரலாறு

வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய பூக்களையும் கவாத்தில் கழித்த கொப்புகளையும் சாடியில் வைத்து அறையை அலங்கரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வாசனையில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டு வீடுகளில் தரையில் கோரை பரப்பியிருந்தார்கள். அது பழசாகி வீசும் நாற்றத்தை மூலிகையாலும் பூவாலும்தான் விரட்ட வேண்டியிருந்தது. கெட்ட நாற்றமே நோயைக் கொண்டுவருகிறது என்று அக்கால மருத்துவமும் நம்பியது. 1560இல் அந்நாட்டுக்கு வந்த டச்சு மருத்துவர் லெவினஸ் லெம்னியஸ், ஆங்கிலேயரின் படுக்கையறைகளில் மணக்கும் மூலிகைகளும் பூச்செண்டுகளும் இருந்ததைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

வாசனைக்கு அடுத்த காரணம் கணப்படுப்பு. குளிர்காலம் முழுக்க எரிந்த அடுப்பு, கோடையில் அறையின் நடுச்சுவரில் கரிபிடித்த பொந்தாகக் கிடக்கும். 1608இல் வெளிவந்த ‘ஃப்ளோராஸ் பாரடைஸ்’ என்ற நூலில் ஹ்யூ பிளாட், அந்தப் பொந்தைப் பாசியாலும் எளிதில் வாடாத செடிகளாலும் நிரப்பச் சொன்னார். பிறகு மரக்கொப்புகளையே தழையோடு வெட்டிவந்து அங்கே நிறுத்தும் வழக்கம் பரவியது. அதற்கென்றே அகன்ற, கனமான கொப்புச் சாடிகள் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மண்பாண்டத் தொழிற்சாலையும் இவற்றைச் செய்து விற்றது. பூ அலங்கார வரலாறுகளில் இந்தக் கொப்புச் சாடிக்கு ஓரிரு வரிதான் கிடைக்கும். அது நியாயமில்லை. பூ இல்லாமல் வெறும் தழையே ஓர் அறையை நிறைக்கும் என்பதை ஆங்கில வீடுகள் கற்றது இந்தச் சாடியில்தான்.

செல்வர் வீட்டுக் கதை வேறு. 1689இல் வில்லியம் மன்னரோடு அரியணை ஏறிய இரண்டாம் மேரி, ஹாலந்தில் வாழ்ந்து பழகியவர். டெல்ஃப்ட் நகரத்து நீல வெள்ளைப் பீங்கானில் கோபுரம்போல் அடுக்கிய பூச்சாடிகளை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு வரவழைத்தார். ஒவ்வோர் அடுக்கிலும் குழாய் குழாயாக வாய்கள்; ஒரு வாய்க்கு ஒரு பூ. பூ விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், கொத்தாக வைப்பதைவிட ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுவதில்தான் பெருமை இருந்தது.

இதே காலத்து டச்சு ஓவியங்களை நம்பி அன்றைய சாடிகளைக் கற்பனை செய்தால் தவறிவிடும். அவற்றில் வசந்தத்தின் டுலிப்பும் கோடையின் ரோஜாவும் ஒரே சாடியில் நிற்கும். ஓவியர் ஒவ்வொரு பூவையும் அதனதன் பருவத்தில் வரைந்துவைத்துக்கொண்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்தார். அப்படி ஒரு சாடி எந்த வீட்டிலும் இருந்திருக்க முடியாது. லண்டனின் கென்சிங்டன் பகுதியில் நாற்றங்கால் நடத்திய ராபர்ட் ஃபர்பர் 1730இல் வெளியிட்ட ‘பன்னிரண்டு மாதப் பூக்கள்’ என்ற படத்தொகுப்பு இந்த வகையில் நேர்மையானது. பீட்டர் காஸ்டீல்ஸ் வரைந்த படங்களில் மாதத்துக்கு ஒரு சாடி. அந்த மாதத்தில் பூப்பவை மட்டுமே அதில் இருக்கும். மொத்தம் 400க்கு மேற்பட்ட பூக்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அடியில் பெயர். பார்க்க ஓவியம், உண்மையில் நாற்றங்காலின் விற்பனைப் பட்டியல்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமையைப் புரட்டிப்போட்டது கண்ணாடி. 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் பெரிய வீடுகளில் வெந்நீர்க் குழாய் ஓடும் கண்ணாடி வீடுகள் பெருகின. குளிர்காலத்திலும் பூ கிடைத்தது. விருந்துப் பழக்கமும் மாறியது. எல்லா உணவையும் மேசையில் பரப்புவது போய், பணியாளர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் ரஷ்ய முறை வந்தது. காலியான மேசை நடுவைப் பூ பிடித்துக்கொண்டது. 1861இல் அரச தோட்டக்கலைக் கழகம் லண்டனில் நடத்திய மேசை அலங்காரப் போட்டியில் டி. சி. மார்ச் என்பவர் முதல் பரிசு பெற்றார். மெல்லிய கண்ணாடித் தண்டில் கீழும் மேலுமாகத் தட்டுகளைப் பொருத்தி, அவற்றில் பூவும் பெரணியும் வைத்த அமைப்பு அது. எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்காது என்பதால் ‘மார்ச் ஸ்டாண்ட்’ வீடுவீடாகப் பரவியது.

இந்தக் காலத்துப் பெரிய வீட்டில் பூ, தலைமைத் தோட்டக்காரரின் ஆட்சிக்குள் இருந்தது. முகப்புத் தோட்டத்தில் ஜெரேனியம், லொபீலியா, கால்சியோலேரியா எனக் குட்டைச் செடிகளைக் கம்பளம் விரித்ததுபோல் வண்ணம் வண்ணமாக நட்டிருப்பார்கள். அதில் ஒரு பூவைக் கிள்ளினாலும் கோலம் கெட்டுவிடும். எனவே வெட்டுவதற்கான பூக்கள் கண்ணாடி வீட்டிலோ, மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தின் பாத்திகளிலோ தனியே வளர்ந்தன. வெட்டிய பூக்களின் தலையைக் கம்பியில் கோத்து, இறுக்கிக் கட்டி, வட்ட வட்டமாக அடுக்குவது வழக்கம். செடி எப்படி வளர்ந்தது என்பதற்கான அடையாளமே மிஞ்சாது.

இதற்கு எதிர்ப்பு முதலில் தோட்டத்தில்தான் கிளம்பியது. 1871இல் ‘தி கார்டன்’ வார இதழைத் தொடங்கிய வில்லியம் ராபின்சன், கம்பள நடவைக் கடுமையாகத் தாக்கி, ஆண்டுதோறும் தழைத்துவரும் குளிர்தாங்கிச் செடிகளை இயல்பாக வளரவிடச் சொன்னார். 1883இல் வந்த அவருடைய ‘ஆங்கிலப் பூந்தோட்டம்’ பல பதிப்புகள் கண்டது. அவர் இதழில் எழுதியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) அந்தக் கருத்தை வீட்டுக்குள் கொண்டுபோனார். ஓவியம் கற்றவர், கண்பார்வை மங்கியதால் நுண்வேலைகளை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். சர்ரே பகுதியில் மன்ஸ்டெட் வுட் என்ற அவரது வீட்டைக் கட்டித் தந்தவர், பின்னாளில் புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்.

ஜீக்கில் செய்த முதல் வேலை சாடியைச் சரிசெய்தது. அன்றைய கடைச் சாடிகளில் வேலைப்பாடு அதிகம், கழுத்து குறுகல், தண்ணீர் குறைவு. அவர் அலங்காரமற்ற, வாய் அகன்ற, நிறையத் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடிச் சாடிகளை வடிவமைத்தார். லண்டனின் ஜேம்ஸ் கிரீன் அண்டு நெஃபியூ நிறுவனம் அவற்றை ‘மன்ஸ்டெட் கிளாஸ்’ என்ற பெயரில் மலிவாக விற்றது. 1907இல் வந்த ‘வீட்டில் பூ அலங்காரம்’ என்ற நூலில், ஒவ்வொரு பருவத்திலும் தோட்டத்திலும் காட்டோரத்திலும் கிடைப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார். பூவோடு எந்த இலை சேரும் என்ற கேள்விக்கு அதில் பெரிய இடமுண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்காட்லாந்தின் டைனிங்ஹேம் மாளிகைத் தலைமைத் தோட்டக்காரர் ஆர். பி. பிரதர்ஸ்டன் வெட்டுப் பூக்கள் பற்றித் தனி நூல் எழுதியிருந்தார். எஜமானியும் தோட்டக்காரரும் ஒரே பொருளைப் பற்றி எழுதத் தொடங்கியது கவனிக்க வேண்டியது. கத்தரி கைமாறிக்கொண்டிருந்த காலம் அது.

பூவை வெட்டியபின் பக்குவப்படுத்தும் முறைகளும் இத்தகைய நூல்கள் வழியாகப் பொதுச்சொத்தாயின. பூவைக் கிள்ளித் தொடுக்கும் தமிழ்நாட்டு வழக்கத்தில் தண்டுக்கு வேலையில்லை; சாடியிலோ பூவின் ஆயுள் தண்டில்தான் இருக்கிறது. வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்தபின் வெட்டுவது, வெட்டியதும் பல மணி நேரம் ஆழமான தண்ணீரில் நிறுத்துவது, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிடுவது ஆகியவை அடிப்படை. லைலாக் போன்ற மரத்தண்டுகளின் நுனியைப் பிளப்பார்கள். அதன் இலைகளையும் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பூவுக்குச் சேரவேண்டிய தண்ணீரை இலை குடித்துவிடும். பாப்பி, யூஃபோர்பியா போன்ற பால்வடியும் தண்டுகளின் நுனியைத் தீயில் காட்டிப் பொசுக்குவார்கள். கோடை முடிவதற்குள் வெட்டிய பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) மரக் கொப்புகளை, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரு பங்கு வெந்நீர் கலந்து நிறுத்தினால், இலை செம்பழுப்பாக மாறிக் குளிர்காலம் முழுக்க உதிராமல் நிற்கும்.

இந்தக் கைவேலையைத் தொழிலாக்கியவர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை (1886–1960). டெர்பி நகரில் பிறந்து, அயர்லாந்தில் சுகாதாரப் பாடம் நடத்தி, 1921இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் சிறுமிகளுக்கான பகுதிநேரப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். 1929இல் பிம்லிகோ பகுதியில் ‘ஃப்ளவர் டெகரேஷன்ஸ்’ என்ற கடையைத் திறந்தபோது அவருக்கு 40 வயது கடந்திருந்தது. அதே சமயத்தில், நாடக அரங்க வடிவமைப்பாளர் நார்மன் வில்கின்சன் வழியாக, ஓல்டு பாண்ட் தெருவில் அட்கின்சன்ஸ் வாசனைத் திரவியக் கடையின் சன்னல்களை அலங்கரிக்கும் வேலை கிடைத்தது. அவர் அங்கே வைத்தது வேலியோரத்தில் தானாகப் படரும் காட்டுக்கொடிகள். அவற்றோடு ஹாப்ஸ் கொடி, பச்சை ஆர்க்கிட். கண்ணாடி வீட்டுக் கார்னேஷனுக்குப் பழகிய லண்டன்வாசிகள் தெருவில் நின்று பார்த்தார்கள்.

அவர் பாணியின் உயிர் தழையில் இருந்தது. ரோஜாவோடு கேல் கீரையின் சுருண்ட இலையை வைத்தார். லைம் (லிண்டன்) மரக் கொப்பின் இலைகளை உருவிவிட்டு, அடியில் ஒளிந்திருக்கும் வெளிர்பச்சைப் பூக்களைத் தொங்கவிட்டார். காய், விதைக்கூடு, காய்ந்த கொப்பு எதையும் தள்ளவில்லை. குழம்புக் கிண்ணம், சூப் பாத்திரம், பேக்கிங் தட்டு எல்லாம் அவருக்குச் சாடிகளாயின. உள்ளே சுருட்டிவைத்த கோழிவலைக் கம்பி தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். அவருக்காக ஃபுல்ஹாம் பாட்டரி தனி வடிவங்களில் வெண்ணிறச் சாடிகள் செய்தது. ஓவியர் க்ளக் 1930களில் வரைந்த பூ ஓவியங்கள் பல ஸ்ப்ரையின் அலங்காரங்களைப் பார்த்து வரைந்தவை.

1934இல் கடை மேஃபேர் பகுதிக்கு மாறியது; முதல் நூலும் அவ்வாண்டே வந்தது. சுமார் 70 பேர் வேலை செய்தார்கள். பட்டம் துறந்த எட்டாம் எட்வர்ட் 1937இல் பிரான்சில் செய்துகொண்ட திருமணத்துக்கும், 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கும் பூ அலங்காரம் இவருடையதே. கையில் காசில்லாதவரும் வேலியோரத்தில் வெட்டியதை வைத்து அழகு காணலாம் என்று நூல்களில் எழுதினார்; வாழ்க்கைச் செலவுக்குப் பணக்காரர் விருந்துகளை நம்பினார். முரண்தான், ஆனால் போலி அல்ல. வாசகர்கள் அவர் சொன்னதைச் செய்துபார்த்தார்கள். சாடிக்காகவே அவர் தேடிச் சேர்த்த பழைய ரோஜா ரகங்கள் தோட்டங்களுக்கு மீண்டும் வந்தன. ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் 1961இல் வெளியிட்ட முதல் ரோஜாவுக்கு அவர் பெயரையே வைத்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பூ நிலங்கள் உணவுப் பயிருக்குப் போயின. போருக்குப் பின் பொருள் தட்டுப்பாடு நீடித்தபோது, செலவில்லாமல் வீட்டை அழகுபடுத்தும் வழியாகப் பூ அலங்காரம் ஊர் ஊராகப் பரவியது. ஜூலியா கிளெமென்ட்ஸ் மகளிர் மன்றங்களில் மேடையேறிச் செய்து காட்டினார். 1949இல் டார்செஸ்டரில் மேரி போப் ஒரு சங்கம் தொடங்கினார். 1959இல் இத்தகைய சங்கங்கள் தேசிய அமைப்பாக இணைந்தன. போட்டிகள் வந்தன, விதிகள் வந்தன. ஸ்ப்ரைக்கு விதிகள் பிடிக்காதவை.

சங்கத்துப் பெண்கள் செய்த பெரிய மாற்றம் சாடிக்கு வெளியே நிகழ்ந்தது. வெட்டிவைக்க நல்ல இலை வேண்டும் என்பதற்காகவே ஹோஸ்டா, ஹெலிபோர், பெர்ஜீனியா, ஆல்கெமில்லா, யூஃபோர்பியா ஆகியவற்றைத் தேடி நட்டார்கள். எசெக்ஸ் பகுதியில் கோல்செஸ்டர் பூச்சங்கத்தின் தொடக்கத்தில் பங்குகொண்ட பெத் சாட்டோ, 1960இல் தம் தோட்டத்தைத் தொடங்கி, 1967இல் இத்தகைய செடிகளுக்கென நாற்றங்கால் திறந்தார். ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இக்கெபானாவின் சமனில்லா முக்கோணத்தைச் சாடியில் பழகியவர், செடிகளை நடுவதிலும் அதையே கையாண்டார். 1977 முதல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் தொடர்ந்து பத்துத் தங்கப் பதக்கங்கள் பெற்றார். நூறாண்டுக்கு முன் சாடிக்குப் பூ தர மறுத்த ஆங்கிலத் தோட்டம், இப்போது சாடியைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொண்டது.

1954இல் அமெரிக்காவின் ஸ்மிதர்ஸ் நிறுவனம் ‘ஒயாசிஸ்’ என்ற பச்சை நுரைக்கட்டியை வெளியிட்டது. தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் இந்தக் கட்டியில் தண்டை எந்தக் கோணத்திலும் குத்தி நிறுத்தலாம். சில ஆண்டுகளில் கோழிவலையும், தண்டுகளைக் குத்தி நிறுத்தும் முள்ளாணித் தட்டும் அலமாரிக்குப் போயின. ஆனால் நுரைக்கட்டி மக்காத பிளாஸ்டிக்; நொறுங்கினால் நுண்துகளாகத் தண்ணீரில் கலக்கிறது. இதனால் அரச தோட்டக்கலைக் கழகம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்தது.

ஸ்ப்ரையின் இடம் பற்றிய வாதம் முடிந்தபாடில்லை. 2004இல் லண்டன் டிசைன் மியூசியம் அவர் பற்றிக் கண்காட்சி நடத்தியபோது, பூ அடுக்குவதெல்லாம் வடிவமைப்பா என்ற சச்சரவு எழுந்து, மியூசியத்தின் தலைவர் ஜேம்ஸ் டைசன் பதவி விலகினார். 2021இல் லண்டன் கார்டன் மியூசியம் அவருக்கு மீண்டும் ஒரு கண்காட்சி நடத்தியது. அப்போது யாரும் பதவி விலகவில்லை.