குப்பிக்குள் ஆடிய குண்டு

1933-ஆம் ஆண்டு. நியூயார்க் அருகே ரூஸ்வெல்ட் ஃபீல்டு. விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பிய அதே திடலில் மாதிரி விமானப் பந்தயம் நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கையில் ரப்பர் முறுக்கில் பறக்கும் விமானங்கள். பிலடெல்பியாவிலிருந்து வந்த மாக்ஸ்வெல் பாசெட் என்ற இளைஞரின் விமானமோ படபடவென்று இரைந்தது. அதன் மூக்கில் அவருடைய நண்பர் பில் பிரவுன் உருவாக்கிய, சுமார் 10 சிசி பெட்ரோல் எஞ்சின் இருந்தது. முக்கியமான கோப்பைகளைப் பாசெட் வாரிக்கொண்டு போனார். ரப்பர்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெட்ரோல் விமானங்களுக்குத் தனிப் பிரிவே ஒதுக்க வேண்டியதாயிற்று. அதோடு விவகாரம் முடியவில்லை.

அப்போது ரேடியோ கட்டுப்பாடு கிடையாது. பெட்ரோல் தீரும்வரை விமானம் போய்க்கொண்டே இருக்கும். 1934-இல் பாசெட்டின் விமானம் ஒன்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து அடுத்த மாநிலத்தில் போய் இறங்கியது. விமானத்தின் எடைக்கு ஏற்ப இத்தனை துளி பெட்ரோல்தான் என்று விதி வந்தது. டேங்க் ஒரு சின்னத் தகரப் பெட்டி. அடியில் அசையாத குழாய் ஒன்று. விமானம் நேராகப் பறந்தவரை அது போதுமானதாக இருந்தது.

ஜிம் வாக்கர் என்பவர் விமானத்தைக் கம்பியில் கட்டி வட்டமாகச் சுழலவிட்டார். சுழலும் வேகத்தில் எரிபொருள் வெளிப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஆகவே டேங்கை ஆப்பு வடிவில் வளைத்து, குழாயை அந்த ஓரத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தச் சமயத்தில்தான் பெட்ரோலுக்கே ஆபத்து வந்தது.

1947-இல் ரே ஆர்டன் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பறக்கும் விமானத்துக்கு பேட்டரியும் காயிலும் தேவையில்லாமல் போயின. மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினால் எஞ்சின் ஓடியது. பெட்ரோல் ஓரங்கட்டப்பட்டது. பிறகு ரேடியோ பரவியது. கம்பியிலிருந்து விடுபட்ட விமானம் தலைகீழாகப் புரண்டது, செங்குத்தாக ஏறியது. புரண்ட மறுகணமே எஞ்சின் நின்றது. டேங்கில் எரிபொருள் தளும்பிக்கொண்டிருக்க, குழாய் வெறும் காற்றைத்தான் உறிஞ்சியது.

விடை பட்டறை மேசையிலிருந்து வந்தது. தகரப் பெட்டிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே துவளும் குழாய். அதன் நுனியில் துளையிட்ட பித்தளைக் குண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி, எரிபொருள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இதுவும் அந்தப் பக்கமே சாயும். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். குழாயின் நீளம் ஒரு நூல் கூடினாலும் குண்டு பின்சுவரில் முட்டி நிற்கும். முரட்டுத் தரையிறக்கத்தில் முன்பக்கம் மடிந்து மாட்டிக்கொண்டால், அடுத்த முறை மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் அணையும். குழாயின் நடுவே சிறு பித்தளைத் துண்டைச் செருகி மடியாமல் செய்தார்கள். ஆனால் டேங்க் மட்டும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, கார்புரேட்டரின் மட்டத்திலேயே இருந்தாக வேண்டும். அந்தக் கட்டை அவிழ்த்தது ஒரு காடு.

மரம் அறுக்கும் ரம்பத்தையும் எப்படி வேண்டுமானாலும் சாய்க்க வேண்டியிருந்தது. அதற்காக 1940-களின் கடைசியில் டயாபிரம் கார்புரேட்டர் வந்தது. எஞ்சினின் கிராங்க் அறையில் எழும் அழுத்தத் துடிப்பு மெல்லிய சவ்வை ஆட்டும். சவ்வே பம்பாகி பெட்ரோலை இழுக்கும். 1970-களில் இத்தகைய எஞ்சின்கள் பெரிய மாதிரி விமானங்களுக்கு வந்தன. டேங்க் இறக்கைக்கு நேராக நடுவே நகர்ந்தது. பெட்ரோல் குறையக் குறைய விமானத்தின் சமநிலை மாறும் தொல்லையும் ஒழிந்தது. பெட்ரோல் திரும்பி வந்தது. கூடவே பழைய சிலிகான் குழாயும் வந்து காலை வாரியது.

மெத்தனாலுக்கு அசையாத சிலிகான், பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்றது. டைகான் போன்ற பெட்ரோல் தாங்கும் குழாய் தேவைப்பட்டது. பித்தளைக் குழாயின் முனையில் ஈயப்பற்றால் சிறு மேடு வைத்து, அதன்மேல் குழாயை ஏற்றி மெல்லிய கம்பியால் இறுக்கினார்கள். எஞ்சினுக்கு ஒன்று, நிரப்ப ஒன்று, காற்றுக்கு ஒன்று என மூன்று வழிகள். காற்றுக்குழாய் டேங்கின் மேலே வளைந்து ஏறிய பிறகே கீழே இறங்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் அதன் வழியாகவே ஒழுகிவிடும். அது அடைபட்டாலோ டேங்கில் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் பட்டினி கிடக்கும்.

2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற முதியவர், பார்வை பெருமளவு மங்கிய நிலையில், தன் குழுவோடு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஒரு மாதிரி விமானத்தை ஏவினார். எடை 5 கிலோவுக்கும் குறைவு. அதில் பாதியளவு எரிபொருள், விளக்குக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோல். சுமார் 39 மணி நேரம் கழித்து, சுமார் 3,000 கிலோமீட்டர் தாண்டி அயர்லாந்தில் அது இறங்கியபோது டேங்கில் எஞ்சியிருந்தது மிகச் சொற்பம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், போளூர் பக்கம் வரப்புப் புல்லை வெட்டும் பிரஷ் கட்டரின் வெள்ளை டேங்கிலும் இருப்பது அந்தப் பெரிய மாதிரி விமானங்களின் ஏற்பாடுதான்: துவளும் குழாய், நுனியில் கனமான ஃபில்டர், அப்பால் டயாபிரம் கார்புரேட்டர். ஜவ்வாது மலைச் சரிவில் எப்படிச் சாய்த்தாலும் எஞ்சின் அணையாமல் ஓடுவது இதனால்தான். விக்கி விக்கி நின்றால் மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து, வளைத்த கம்பியால் அந்த ஃபில்டரை வெளியே இழுத்து, அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்.