வாசலில் புதிய சாலை, கையில் கட்டண அறிவிப்பு: ஜெர்மனியில் தீராத தகராறு

வீட்டின் முன்னால் உள்ள சாலையை நகராட்சி புதுப்பிக்கிறது. பணிகள் முடிந்து சில காலம் கழித்து, செலவில் ஒரு பகுதியைச் செலுத்துமாறு வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் வருகிறது. தொகை சில ஆயிரம் யூரோக்களாக இருக்கலாம்; பெரிய மனையாக இருந்தால் பல பத்தாயிரம் யூரோக்களையும் எட்டலாம். பல தலைமுறைகளாக ஜெர்மனியில் நிலவிவரும் இந்த முறை, கடந்த பத்தாண்டுகளில் பல மாநிலங்களில் கைவிடப்பட்டுள்ளது. ஆயினும் தகராறுகள் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

பிரஷ்ய அரசு 1893ஆம் ஆண்டில் இயற்றிய உள்ளாட்சிக் கட்டணச் சட்டத்தில் இம்முறையின் வேர்கள் உள்ளன. நல்ல சாலை அமைந்தால் அதையொட்டிய நிலத்துக்குத் தனிப் பயன் கிடைக்கிறது, எனவே அந்தப் பயனைப் பெறுபவர் செலவில் பங்கேற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை வாதம். சாலை எல்லோருக்கும் பொதுவானது, அதில் செல்லும் வாகனங்களில் பெரும்பாலானவை வேறு இடத்தவர்களுடையவை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

இருவகைக் கட்டணங்கள்

ஒரு சாலை முதன்முறையாக முழுமையாக அமைக்கப்படும்போது வசூலிக்கப்படுவது ஒரு வகை. கூட்டாட்சிக் கட்டடச் சட்டத்தின்படி இச்செலவில் குறைந்தது 10 சதவீதத்தை நகராட்சி ஏற்க வேண்டும். எஞ்சியதை உரிமையாளர்களிடம் வசூலிக்கலாம். ஏற்கனவே உள்ள சாலையைப் புதுப்பிக்கும்போதோ மேம்படுத்தும்போதோ வசூலிக்கப்படுவது இரண்டாவது வகை. இது மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. பெரும் அரசியல் எதிர்ப்பைச் சந்தித்ததும் இந்த இரண்டாவது வகைதான்.

மனையின் பரப்பளவு, அதில் கட்ட அனுமதிக்கப்பட்ட மாடிகளின் எண்ணிக்கை, சாலையின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவரின் பங்கும் கணக்கிடப்படுகிறது. குடியிருப்புத் தெருவில் உரிமையாளர்களின் பங்கு அதிகம். பிரதான சாலையில் குறைவு. மூலையில் அமைந்த மனைக்கு இரு சாலைகளுக்கும் கட்டணம் விதிக்கப்படலாம்.

பள்ளங்களை நிரப்புவது போன்ற சாதாரணப் பராமரிப்புக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது. இதனால், பராமரிப்பைத் தள்ளிப்போட்டுச் சாலை முழுவதுமாகச் சிதைந்த பிறகு அதைப் புதுப்பிப்பதே நகராட்சிக்கு லாபமாக அமைகிறது என்று விமர்சகர்கள் குற்றம்சாட்டினர்.

மாநிலங்களின் பின்வாங்கல்

பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் புதுப்பித்தல் கட்டணத்தை வசூலித்ததே இல்லை. பெர்லின் 2012ஆம் ஆண்டிலும், ஹாம்பர்க் 2016ஆம் ஆண்டிலும் இதைக் கைவிட்டன. பவேரியாவில் 2018 தொடக்கத்தில் சுதந்திர வாக்காளர்கள் கட்சி கையெழுத்து இயக்கம் ஒன்றை முன்னெடுத்தது. தேவைப்பட்ட 25,000 கையெழுத்துகளைப் போல் பல மடங்கு திரண்டன. அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்த நிலையில், ஆளும் கட்சி 2018 ஜனவரி 1 முதல் கட்டணத்தை ரத்துசெய்தது.

ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்னதாக அறிவிப்பைப் பெற்றவர்கள் பணம் செலுத்தியே ஆக வேண்டியிருந்தது. அவர்களின் அதிருப்தியைத் தணிக்க 5 கோடி யூரோ நிவாரண நிதியொன்று பின்னர் ஒதுக்கப்பட்டது.

ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவில், வரி செலுத்துவோர் சங்கம் முன்னெடுத்த இயக்கத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். அங்கு 2020இல் அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. 2024இல் கட்டணமே சட்டப்படி நீக்கப்பட்டது. லோயர் சாக்சனி, ஹெஸ்ஸன் போன்ற மாநிலங்களில் முடிவு அந்தந்த நகராட்சிகளிடமே விடப்பட்டுள்ளது. ரைன்லாந்து பலாட்டினேட்டில் ஒரே தடவையில் பெருந்தொகை கேட்பதற்குப் பதிலாக, ஒரு வட்டாரத்தின் உரிமையாளர்கள் அனைவரிடமும் செலவைப் பகிர்ந்து தொடர் கட்டணமாக வசூலிக்கும் முறை உள்ளது.

நீதிமன்றம் வகுத்த எல்லை

எவ்வளவு காலம் கடந்தும் கட்டணம் கேட்கலாமா என்ற கேள்வி அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்றது. பயன் கிடைத்த பிறகு காலவரையின்றிக் கட்டணம் விதிக்க இடமளிப்பது சட்டப் பாதுகாப்புக் கோட்பாட்டுக்கு முரணானது என்று 2013இல் அது தீர்ப்பளித்தது. 2021இல் அதே நிலைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது. இந்த இரண்டாவது வழக்கில், 1980களில் கட்டத் தொடங்கப்பட்ட சாலைக்காக 2011ஆம் ஆண்டில் 70,000 யூரோவுக்கும் அதிகமாகக் கேட்கப்பட்டிருந்தது.

அறிவிப்பை எதிர்க்க விரும்புவோருக்கு ஒரு மாத அவகாசமே உண்டு. ஆட்சேபம் தெரிவித்தாலும் வழக்குத் தொடுத்தாலும், பணம் செலுத்தும் கடமை தானாக நின்றுவிடாது. வசூலை நிறுத்திவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செய்யப்பட்டது பராமரிப்பா மேம்பாடா, சாலை சரியாக வகைப்படுத்தப்பட்டதா, மனையின் அளவு சரியா என்பனவே பெரும்பாலும் விவாதிக்கப்படுகின்றன.

சுவரில் விழுந்த விரிசல்

சாலைப் பணியால் ஏற்படும் சேதம் வேறொரு பாதையில் செல்கிறது. கட்டண வழக்கை நிர்வாக நீதிமன்றமும், சேத வழக்கைப் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றமும் விசாரிக்கின்றன. நகராட்சி மறுக்கும் இழப்பீட்டுத் தொகையை, தான் கட்ட வேண்டிய கட்டணத்திலிருந்து உரிமையாளர் தாமாகக் கழித்துக்கொள்ள முடியாது.

அண்டை நிலத்தின் பிடிமானம் குலையும்படி ஆழமாகத் தோண்டக் கூடாது என ஜெர்மன் உரிமையியல் சட்டம் கூறுகிறது. ஆனால் விரிசல் இந்தப் பணியால்தான் ஏற்பட்டது என்பதைப் பொதுவாக உரிமையாளரே நிரூபிக்க வேண்டும். எனவே பணி தொடங்குமுன் சுவர்களையும் அடித்தளத்தையும் புகைப்படங்களுடன் பதிவுசெய்வது முக்கியமாகிறது. பல பணிகளில் ஒப்பந்ததாரர்களே நிபுணரைக் கொண்டு இதைச் செய்கின்றனர். அந்தப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறாதவர்கள் பின்னர் சிரமப்பட நேரிடும்.

கடைக்காரர்களின் நிலை இன்னும் கடினம். கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, பணியால் நீண்டகாலம் வழி தடைபட்டு, தொழிலின் இருப்பே ஆபத்துக்குள்ளானால்தான் இழப்பீடு கோரலாம். வியாபாரம் குறைந்தது என்பது மட்டும் போதாது.

கொலோன் நகரில் 2009 மார்ச் 3ஆம் தேதி, சுரங்க ரயில் பாதைப் பணி நடந்த இடத்தில் நகர ஆவணக் காப்பகமும் அருகிலிருந்த கட்டடங்களும் இடிந்து இருவர் உயிரிழந்தனர். இதில் பாதிக்கப்பட்ட தரப்பு மாநகராட்சியே. கட்டுமான நிறுவனங்களுடன் 60 கோடி யூரோ சமரசத்தை எட்ட அதற்கு 11 ஆண்டுகள் பிடித்தன. தனி வீட்டு உரிமையாளரின் பலம் எவ்வளவு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வீடு வாங்குவோர் கவனத்துக்கு

புதுப்பித்தல் கட்டணம் நீங்கிய மாநிலங்களிலும் முதல் கட்டுமானக் கட்டணம் தொடர்கிறது. அறிவிப்பு வெளியாகும் நாளில் யார் உரிமையாளரோ அவரே அதற்குப் பொறுப்பு. கடன் நிலத்தையும் பற்றிக்கொள்கிறது. விற்பனை ஒப்பந்த நாள் வரை தொடங்கிய பணிகளுக்கான செலவை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், விற்பவரே ஏற்க வேண்டும் எனச் சட்டம் கூறினாலும், நகராட்சி பணம் கேட்பது வாங்கியவரிடம்தான். பாக்கி ஏதும் உண்டா என்பதற்கான சான்றிதழை ஒப்பந்தத்துக்கு முன்பே நகராட்சியிடம் பெறுவது இத்தகைய சிக்கலைத் தவிர்க்க உதவும்.

கட்டணத்தை நீக்கினாலும் சாலைக்கான செலவு மறைந்துவிடுவதில்லை. அது மாநிலத்தின் பொது வரிப்பணத்துக்கு, அதாவது சொந்த வீடு இல்லாதவர்களின் தோள்களுக்கும் இடம்மாறுகிறது. பழைய முறையை ஆதரிப்போர் இன்றும் முன்வைக்கும் வலுவான வாதம் இதுவே.