தமிழ்த் தொலைக்காட்சி ரசிகர் பகைமை

தமிழ்த் தொலைக்காட்சி ரசிகர் பகைமை என்பது, ஒரு நிகழ்ச்சியின் பங்கேற்பாளரை விரும்பும் பார்வையாளர்கள் அவருடைய போட்டியாளரையும் அந்தப் போட்டியாளரை விரும்புவோரையும் எதிரிகளாகக் கருதி ஏசுவது, கேலிப்படம் பரப்புவது, மிரட்டுவது, நேரில் கூச்சலிட்டு அவமதிப்பது ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது 2017 ஜூன் 25 அன்று விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சிக்குப் பிறகு தனியே அடையாளம் காணத்தக்க சமூகப் பழக்கமாக உருவெடுத்தது. சென்னை, கோயம்புத்தூர் போன்ற பெருநகரங்களோடு விழுப்புரம், திண்டிவனம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களும் சுற்றுக் கிராமங்களும், இலங்கை, மலேசியா, கனடா வாழ் தமிழரும் இதில் பங்கு கொள்கின்றனர்.

பிடித்தவரை ஆதரிப்பதும் பிடிக்காதவரை விமர்சிப்பதும் பார்வையாளரின் உரிமை. நிகழ்ச்சிக்குள் ஒருவர் செய்ததை விமர்சிப்பதை விட்டு, நிகழ்ச்சிக்கு வெளியே அவர் வாழ்வதையே கடினமாக்கும்போது ஆதரவு பகைமையாக மாறுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் ரசிகர் என்ற நிலை திரையரங்கில் பிறந்தது. நடிகர்களுக்கு மன்றம் அமைப்பது, கட்அவுட் வைப்பது, எதிர் நடிகரின் சுவரொட்டி மீது சாணி அடிப்பது எல்லாம் எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்திலேயே வேரூன்றியவை. மன்றம் கட்சியாக வளர்வதும் இங்கே புதிதல்ல. நடிகர் விஜயின் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநில மாநாட்டை 2024 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் நடத்தியபோது, ரசிகர் மன்றங்களாக வளர்ந்த அமைப்பின் வலிமையை அந்த வட்டாரம் நேரில் கண்டது.

தொலைக்காட்சிக்கு அப்படியொரு ரசிகர் கூட்டம் சேர மூன்று மாற்றங்கள் உதவின. முதலாவது, 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சியின் வருகை. இரண்டாவது, 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் இணைப்பு கிடைத்ததும். ஒரு தெருவுக்கு ஒன்று என்றிருந்த பெட்டி குடிசை வரை போய்ச் சேர்ந்தது. மூன்றாவது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் மலிவாகிப்போன கைப்பேசி இணையம். அடுத்த ஒன்பதே மாதத்தில் ‘பிக் பாஸ்’ தொடங்கியது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்கும் கல்லூரி மாணவருக்கும் சென்னையின் ஐ.டி. ஊழியருக்கும் ஒரே சமயத்தில் வாக்களிக்கவும் ஏசவும் வழி திறந்தது.

இதற்கு ஓர் ஒத்திகையாக அமைந்தது விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ (2006 முதல்). 2015 ஆரம்பத்தில் நடந்த ஜூனியர் இறுதிச் சுற்றில் ஸ்பூர்த்தி வென்றார். கனடாவிலிருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா இரண்டாம் இடம் பெற்றார். முடிவைப் பற்றிப் பெரியவர்கள் உலகம் முழுவதும் வாதிட்டுக்கொண்டிருக்க, ஜெசிக்கா பெற்ற ஒரு கிலோ தங்கப் பரிசு ஆதரவற்ற குழந்தைகளுக்கு வழங்கப்படும் என்று மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. 2016இல் ஐந்தாம் பருவத்தை வென்ற ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவர் என்ற செய்தி எழுந்தபோது, நிகழ்ச்சியின் விதிகள் மீதான கேள்வி பாடகர் மீதான கோபமாகத் திரும்பியது. விதியை வகுத்தவர்கள் மீது எழ வேண்டிய சினம் மேடையில் நின்றவர் மீது விழுவது பின்னாளிலும் தொடர்ந்தது.

முக்கிய நிகழ்வுகள்

‘பிக் பாஸ்’ முதல் பருவத்தில் நடிகை ஓவியாவைச் சுற்றி உருவான ‘ஓவியா ஆர்மி’ தமிழ்த் தொலைக்காட்சியின் முதல் பெரும் இணைய ரசிகர் படை. அவருக்கு எதிர்ப்புறம் நின்றதாகக் கருதப்பட்டவர் ஜூலி. 2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கமிட்டுப் புகழ்பெற்ற செவிலியர் அவர். ஜனவரியில் வீரத்தமிழச்சி என்று கொண்டாடிய அதே தமிழ்ச் சமூகம் ஆகஸ்டில் அவரைப் பொய்க்காரி என்று தூற்றியது. அவர் சொன்னதற்கு மாறான காட்சியைத் தொகுப்பாளர் கமல்ஹாசன் ‘குறும்படமாக’ப் போட்டுக் காட்டியது அந்தக் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது; ஜூலி தோன்றிய மேடைகளில் பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். மன உளைச்சலுக்கு ஆளாகி ஆகஸ்டு தொடக்கத்தில் ‘பிக் பாஸ்’ வீட்டை விட்டு வெளியேறிய ஓவியாவே, ஜூலியையும் இன்னொரு போட்டியாளரான சக்தியையும் துன்புறுத்த வேண்டாம் என்று தன் ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே பருவத்தில் காயத்ரி ரகுராம் ‘சேரி’ என்ற சொல்லை இழிவாகப் பயன்படுத்தியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் பின்னர் இணையத்தில் அவர் மீது கொட்டப்பட்ட வசைகளில் பெரும்பகுதி சாதி இழிவை எதிர்ப்பதாக இல்லை. பெண் என்பதால் அவரை இழிவுபடுத்துவதாக இருந்தது.

மூன்றாம் பருவத்தில் (2019) கவின், லாஸ்லியா ரசிகர்களுக்கும் இயக்குநர் சேரனுக்கும் இடையிலான கசப்பு நிகழ்ச்சி முடிந்த பிறகும் ஓயவில்லை. தன்னை ஏசுவோருக்குச் சேரன் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் பதில் சொல்லும் நிலை வந்தது.

ஆறாம் பருவம் (2022–23) தொலைக்காட்சிப் போட்டியை அரசியல் களமாக மாற்றியது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த விக்ரமன் ‘அறம் வெல்லும்’ என்ற முழக்கத்தோடு இறுதிவரை வந்தார். கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் அவருக்கு வாக்களிக்குமாறு வேண்டுகோள் விடுத்தார். சக போட்டியாளர்களிடம் கடுமையாகப் பேசினார் என்று விமர்சிக்கப்பட்ட அசீம் 2023 ஜனவரியில் பட்டம் வென்றார். விக்ரமன் இரண்டாம் இடம் பெற்றார். ரசிகர்களுக்குள் நடந்த வாதம் நிகழ்ச்சியை விட்டு விலகி, யார் எந்தக் கட்சி என்ற திசையில் போனது.

ஏழாம் பருவத்தில், 2023 நவம்பர் தொடக்கத்தில், பெண் போட்டியாளர்கள் சிலர் பாதுகாப்பின்மையைக் கூறியதை அடுத்து பிரதீப் ஆண்டனி ‘ரெட் கார்டு’ பெற்று வெளியேற்றப்பட்டார். அவர் மீதான முடிவு சரியா என்று கேட்டவர்களோடு, அந்தப் பெண்களை நாள்தோறும் ஆபாசமாக ஏசியவர்களும் கலந்துகொண்டனர். அதே மாத இறுதியில் நடிகை வனிதா விஜயகுமார், பிரதீப்பின் ஆதரவாளராகத் தோன்றிய, அடையாளம் தெரியாத ஒருவர் தன்னைத் தாக்கியதாக, முகக் காயத்தின் படத்தோடு பொதுவெளியில் தெரிவித்தார்.

பிற இடங்களில்

அண்டை மாநிலங்களில் பகைமை தெருவுக்கே வந்திருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா கட்டுப்பாடுகளை மீறி, மலையாள ‘பிக் பாஸ்’ போட்டியாளர் ரஜித் குமாரை வரவேற்கக் கொச்சி விமான நிலையத்தில் கூடிய எழுபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. 2023 டிசம்பர் 17 இரவு, தெலுங்கு ‘பிக் பாஸ்’ இறுதிச் சுற்று முடிந்ததும் ஐதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவுக்கு வெளியே போட்டியாளர்களின் கார்களும் அரசுப் பேருந்துகளும் கல்லடிபட்டன. பட்டம் வென்ற பல்லவி பிரசாந்த் சில நாட்களில் கைது செய்யப்பட்டார்.

ஜப்பானில் ‘டெரஸ் ஹவுஸ்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா, தொடர்ந்த இணைய வசைக்கு ஆளாகி, 2020 மே 23 அன்று 22 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாயின் போராட்டமும் மக்களின் வருத்தமும் சேர்ந்து 2022இல் அந்நாட்டின் அவதூறு வசைச் சட்டத்தைக் கடுமையாக்கின. பிரிட்டனில் 2007 ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் ஒழுங்குமுறை அமைப்புக்குப் போயின. அதே வேளையில், அவரை ஏசிய சக போட்டியாளர் ஜேட் குடி மீது திரும்பிய வெறுப்பும் எல்லை கடந்தது. மன்னிப்புக் கேட்ட ஜேட், அடுத்த ஆண்டு ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய ‘பிக் பாஸ்’ வீட்டுக்கே போட்டியாளராக வந்தார். சண்டையிட்ட இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதைப் பல ரசிகர்கள் கவனிக்கவே இல்லை.

விழுப்புரம்–திண்டிவனம் வட்டாரமும் பகையின் சடங்கும்

இந்த வட்டாரத்துக்கு வில்லன் மீது கோபப்படுவது புதிதல்ல. செஞ்சியை மையமாகக் கொண்டு விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கங்களில் பரவியிருக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டை ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் 1988இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். துச்சாதனன் துகில் உரியும் இரவில் ஊரே கொதிக்கும். வேடக்காரர் மீது மக்கள் உண்மையாகவே ஆத்திரப்படுவார்கள்.

ஆனால் அந்த ஆத்திரத்துக்கு ஊர் ஒரு முடிவு வைத்திருக்கிறது. படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் கிடத்தப்படும். வீமன் தொடையைப் பிளப்பான்; திரௌபதி கூந்தல் முடிவாள். வென்ற மகிழ்ச்சியோடு சடங்கு நின்றுவிடுவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரியும் அங்கே எழுகிறது. பகைவனுக்காகவும் ஊர் அழுகிறது. பிறகு தீமிதி, விழா நிறைவு. துச்சாதனன் வேடம் கட்டியவர் அரிதாரம் கலைத்துவிட்டு அதே ஊரில் சோறு உண்டு, மரியாதை பெற்றுப் போகிறார். அடுத்த ஆண்டும் அவரையே அழைப்பார்கள்.

ரியாலிட்டி நிகழ்ச்சிகள் வேடம், முடிவு நாள், ஒப்பாரி என்ற இந்த மூன்று பாதுகாப்புகளையும் எடுத்துவிட்டன. பங்கேற்பாளருக்கு வேடம் கிடையாது. சொந்தப் பெயரும் சொந்த முகமுமே மேடை ஏறுகின்றன. முடிவு நாள் கிடையாது. நூறு நாள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் காணொளித் துண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒப்பாரியும் கிடையாது, தோற்றவருக்காகக் கூட்டமாக வருந்தும் கணம் எந்த நிகழ்ச்சியிலும் வைக்கப்படவில்லை.

இதே வட்டாரத்தில் சாதிப் பகை ரத்தம் சிந்தியதும் உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித்துகள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். அத்தகைய நினைவு உள்ள மண்ணில் ‘சேரி’ என்ற சொல்லோ, ஒரு போட்டியாளரின் கட்சி அடையாளமோ வெறும் நிகழ்ச்சிச் செய்தியாக இருக்க முடியாது. 2019 முதல் விழுப்புரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விடுதலைச் சிறுத்தைகளின் து. ரவிக்குமார் இருந்துவரும் சூழலில், விக்ரமன்–அசீம் போட்டி இங்கே பலருக்கு இரு தனிமனிதர்களுக்கு இடையிலான போட்டியாகத் தோன்றாததில் வியப்பில்லை.

காரணங்கள்

முதல் காரணம் ஆட்ட அமைப்பே. வாராவாரம் ஒருவர் வெளியேறியாக வேண்டும். தன்னவர் தங்க வேண்டுமானால் இன்னொருவர் போக வேண்டும். முதலில் கூகுள் தேடல் வழியாகவும் பின்னர் ஹாட்ஸ்டார் செயலி வழியாகவும் நடந்த வாக்களிப்பு, பார்வையாளரையும் ஆட்டக்காரராக்கியது. நாள் முழுதும் பதிவானதை ஒரு மணி நேரமாகச் சுருக்கும் தொகுப்பில் சண்டைக்கே முதலிடம். முழுக் கதையைப் பார்த்ததாக நம்பும் பார்வையாளர் உண்மையில் பார்த்தது தேர்ந்தெடுத்த சில நிமிடங்களையே.

இரண்டாவது, ஒருதலை உறவு. திரையில் தோன்றுபவரோடு நேரடியாகப் பழகியது போன்ற நெருக்கம் பார்வையாளருக்கு ஏற்படுவதை டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் ஆகியோர் 1956இலேயே விளக்கினர். இரவு தோறும் சாப்பாட்டு நேரத்தில் வரும் முகம் வீட்டாளாகிவிடுகிறது. அவரைக் குறைசொல்வது குடும்பத்தைக் குறைசொல்வதாகப் படுகிறது.

மூன்றாவது, அணி மனநிலை. காரணமே இல்லாமல் பிரித்த குழுக்கள்கூடத் தம்மவருக்குச் சலுகை காட்டுவதை ஹென்றி தாஜ்ஃபெல் 1970களில் சோதனைகளால் காட்டினார். ‘ஆர்மி’ என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம் எதிரியைத் தேடாமல் இருப்பது கடினம். இவற்றோடு பண நோக்கமும் சேர்கிறது. போட்டியாளர்களுக்காக வேலை செய்யும் ‘பி.ஆர். டீம்’கள், ஒருவரைக் கிழிப்பதாகத் தலைப்பிட்டுப் பார்வை சேர்க்கும் யூடியூப் விமர்சனங்கள், மீம் பக்கங்கள் ஆகியவற்றுக்கு அமைதியை விடக் கொந்தளிப்பே வருமானம்.

பாதிப்பு

ஆண் போட்டியாளரின் கோபத்தையும் பிடிவாதத்தையும் விமர்சிக்கும் மொழி, பெண் போட்டியாளர் என்றதும் அவர் உடல், ஒழுக்கம், குடும்பம் என்று இறங்கிவிடுகிறது. பாதிக்கப்படுவோரில் போட்டியாளரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அடங்குவர். அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர்கள் அல்லர். சாதாரணப் பார்வையாளரும் தப்புவதில்லை. மாற்றுக் கருத்துச் சொன்ன பெண்ணை ‘சொம்பு’, ‘பெய்டு’ என்று தொடங்கி ஆபாசத்தில் முடிப்பது, அவரைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் பின்னால் ரசித்தல் என்ற இன்பமே மறைந்துவிடுவது பெரிய இழப்பு.

சட்டம்

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, பேச்சுரிமையைக் காக்கும் பொருட்டு, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஒருவரைப் பிடிக்கவில்லை என்று எழுதுவது குற்றமல்ல. ஆனால் மிரட்டல், ஆபாசப் படங்களைப் பரப்புதல், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்தல் ஆகியவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தகவல் தொழில்நுட்பச் சட்டம், பெண்கள் வன்கொடுமைத் தடைக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் தண்டனைக்குரியவை. சாதி சொல்லி இழிவுபடுத்துதல் 1989ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் அளிக்கலாம்.

தணிக்கும் வழிகள்

பகைமையைக் குறைக்கும் முதல் பொறுப்பு அதிலிருந்து பணம் ஈட்டுவோருடையது. வெளியேறுபவரைக் கூச்சலிடும் கூட்டத்தின் முன் நிறுத்தாதிருப்பது, தொகுப்பில் ஒருவரை மட்டும் வாரக்கணக்கில் வில்லனாக்காதிருப்பது, நிகழ்ச்சிக்குப் பின்னும் மனநல உதவி தொடர்வது ஆகியவை தொலைக்காட்சி நிறுவனங்களால் செய்யக்கூடியவை. அடுத்த பொறுப்பு ரசிகர் படை பெற்ற போட்டியாளருடையது. 2017இல் ஓவியா பேசியதைப் போல, தன் ரசிகர்களிடம் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. மூன்றாவது பொறுப்பு பார்வையாளருடையது. வாக்களிப்பதோடும் வீட்டுத் திண்ணையில் வாதிடுவதோடும் கோபத்தை முடித்துக்கொள்வதும், தோற்றவரும் வேலைக்கும் கடைக்கும் போய் வாழ வேண்டிய மனிதர் என்று ஏற்பதும் நூறு நாள் ஆட்டத்தை ஆட்டமாகவே வைத்திருக்கும். படுகளத்தில் பகைவனுக்கும் ஒப்பாரி வைக்கத் தெரிந்த சமூகத்துக்கு இது கற்றுத்தர வேண்டிய பண்பு அல்ல. கைப்பேசித் திரைக்குள்ளும் கொண்டுவர வேண்டிய பண்பு.